பதினைந்து கையெழுத்து

கெடா மாநிலத்தின் பெண்டாங் நெல் வயல்களின் ஊர். மூடா பாசனத் திட்டத்துக்குள் வரும் இம்மாவட்டத்தில் தமிழர்கள் மிகச் சிலரே. தெற்கே சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் திரண்டு வாழ்ந்ததுபோல் இங்கே வாழவில்லை. இங்குள்ள ஒரு மாணவர் படிவம் 4-இல் எந்தெந்தப் பாடங்களை எடுப்பார் என்பது அவருடைய மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் பொறுத்தது என்று பொதுவாக நினைக்கிறோம். மற்றப் பாடங்களுக்கு அது சரி. தமிழுக்கு அப்படியில்லை. மலேசியாவில் தமிழ் ஒரு பாடமாக நீடிப்பதற்கு, ஒவ்வொரு காலத்திலும் அதை வேண்டும் என்று கேட்டவர்களின் எண்ணிக்கையே காரணம் என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

தோட்டப் பள்ளியில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கூட்டமைப்புக்கு வெளியே இருந்த கெடாவின் தோட்டங்களிலும் ஏறக்குறைய அதே வகைப் பள்ளிகள்தாம் வந்தன. எழுத்து, வாசிப்பு, கணக்கு. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பால்மரம் வெட்டப் போகும் பிள்ளைக்கு அது போதும் என்று முடிவு செய்தவர் தோட்டத் துரை. ரசாக் அறிக்கை (1956) தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஆரம்பப் பள்ளி அளவில் மட்டும். இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கியது. அதற்கும் நிபந்தனை உண்டு. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது; அதற்குப் பின் வந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. தோட்டங்கள் சூழ்ந்த பட்டணத்தில் 15 எளிய எண். பிள்ளைகள் நாலைந்து பள்ளிகளில் சிதறிக் கிடக்கும் நெல் மாவட்டத்தில் அது எட்டாத எண்ணாகிவிடலாம்.

பல்கலைக்கழகத்திலும் தமிழுக்கு இடம் கிடைத்தது கேட்டவர்களின் எண்ணிக்கையால்தான். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதில் இந்திய இயல் துறை அமைக்க ஆலோசனை கேட்கப்பட்ட கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். அவர் சோழர் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர். தமிழை அறியாமல் சொல்லவில்லை. கெடாவின் மண்ணே அவருக்குச் சாட்சி சொல்லும். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்களும், ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் சமஸ்கிருதக் கல்வெட்டும் இந்த வட்டாரத்தின் பழைய இந்தியத் தொடர்பைத்தான் பேசுகின்றன. கடாரம் எனப்பட்ட பழைய கெடாவை ஆராய சமஸ்கிருதம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே கடாரத்தில் உயிரோடு இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் பேசிய மொழி தமிழ். தம் மக்களின் மொழி தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் நியாயமே. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி. அன்றாடக் கூலிக்காரரும் கொடுத்தார். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்களாகப் போனது. 1956-இல் துறை தமிழோடு தொடங்கியது. பின்னர் அதன் தலைமைக்கு வந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். வெள்ளி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் துறையின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

2009-இல் மீண்டும் கேட்க வேண்டி வந்தது. எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று அவ்வாண்டு கல்வியமைச்சர் முகிதீன் யாசின் அறிவித்தார். அறிவியல் பிரிவு மாணவர் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்: ஒன்பது ஆயிற்று. தமிழ்மொழியை எடுத்தால் பத்து. தமிழ் இலக்கியத்துக்கு இடமே இல்லை. சமூகம் கொதித்தது, ஆண்டு முடிவதற்குள் வரம்பு 12 ஆனது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மறுப்பு நிற்கிறது. தமிழில் ‘ஏ’ கிடைப்பது அரிது, வகுப்பு பல பள்ளிகளில் பாட நேரத்துக்கு வெளியே நடக்கிறது, ஏழைப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம்தான் முக்கியம், பிறகு எதற்கு இந்தச் சுமை என்கிறார்கள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பத்துக்கு ஒரு மதிப்பெண் குறைவதும் பெரிய இழப்புதான். ஆனால் சுமைக்குக் காரணம் தமிழல்ல. அட்டவணையும் ஆசிரியர் பற்றாக்குறையும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக எஸ்.பி.எம். தமிழ்த் தேர்ச்சி வேண்டும். இன்று ஒதுங்குகிற ஒவ்வொருவரும் நாளைய ஆசிரியர் வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக்குகிறார். இன்னொன்றும் உண்டு. இயற்பியலை ஒருவர் விட்டால் இன்னொருவருக்கு இயற்பியல் இல்லாமல் போவதில்லை. தமிழை ஒருவர் விட்டால் பதினைந்து பதினான்காகிறது. விரும்பிய மற்றவருக்கும் வகுப்பு இல்லாமல் போகலாம். தன் பிள்ளைக்கு மட்டும் கணக்குப் போடும் பெற்றோர், தெரியாமலே அடுத்த வீட்டுப் பிள்ளையின் பாடத்தையும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஆகவே பெண்டாங் பெற்றோர்களே, பிள்ளை இடைநிலைப் பள்ளியில் சேரும் வாரத்திலேயே தமிழ் வகுப்பு கேட்டு எழுதிக் கொடுங்கள். உங்கள் பிள்ளை எடுக்கப்போகிறாரா என்ற தயக்கம் இருந்தாலும் கையெழுத்திடுங்கள். சட்டம் எண்ணிப் பார்ப்பது அந்தக் கையெழுத்துகளைத்தான்.