மூன்று எசமான் கண்ட மதகு

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரைவிட்டு 17ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ரேவனல் என்ற சின்ன ஊரை ஒட்டி ‘கா கா’ பூங்கா வரும். பழைய நெல் பண்ணைகளின் நிலம், 654 ஏக்கர். சார்ல்ஸ்டன் கவுன்டியின் பூங்காத் துறை நடத்துகிறது. நாய் கூடாது, சைக்கிள் கூடாது. நடந்துதான் பார்க்க வேண்டும். சதுப்புக்கு மேலே பலகை நடைபாதை, தண்ணீரைத் தாங்கி நிற்கும் பழைய கரைகள், வெயில் காயும் அலிகேட்டர் முதலைகள், நீர்நாய், கொக்கு, நாரை, குளிர்காலத்தில் வாத்துக் கூட்டம், கோடையில் வால் பிளந்த பருந்து. காலையில் பறவை பார்க்க அழைத்துப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு உண்டு. நெல் விளைந்த காலத்தின் கதையைச் சொல்லும் நிகழ்ச்சிகளும் உண்டு. கழுத்தில் பைனாகுலரோடு வருகிறவர்கள், கரையோரம் நிற்கும் சில மரத்தூண்களைச் சட்டை செய்யாமல் கடந்து போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆனால் அந்தத் தூண்களுக்குக் கீழே கரைக்குள் புதைந்து கிடக்கும் மரப்பெட்டிதான் இத்தனை பறவைக்கும் தண்ணீர் அளக்கிறது.

அந்த ஊரில் இதை ‘டிரங்க்’ என்கிறார்கள்; நமக்கு மதகு என்றால் போதும். கனத்த பலகைகளால் அடித்த நீளமான பெட்டி, கரைக்கு அடியில் குறுக்கே படுத்திருக்கும். ஆற்றுப் பக்கம் ஒரு வாய், வயல் பக்கம் ஒரு வாய். ஒவ்வொரு வாயிலும் மேலிருந்து தொங்கும் ஒரு கதவு. கதவைத் தூக்கி நிறுத்தலாம், இல்லையென்றால் இறக்கி ஆடவிடலாம். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கிவிட்டு, வயல் பக்கக் கதவைத் தொங்கவிட வேண்டும். கடல் ஓதம் ஏறும்போது ஆற்றுநீர் பெட்டிக்குள் புகுந்து, உள்கதவைத் தள்ளிக்கொண்டு வயலில் பாயும். ஓதம் வற்றத் தொடங்கியதும் வயலில் ஏறிய தண்ணீர் திரும்பி ஓடப் பார்க்கும். ஆனால் அதே தண்ணீரே கதவை அழுத்திச் சாத்திவிடும். வயல் வடிய வேண்டுமானால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இறைக்க ஆளும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். கடல் ஐந்தாறு அடி ஏறி இறங்குவதைப் பிடித்து வயலில் வேலை வாங்கிக்கொள்ளும் சாதனம் இது.

கடல் தண்ணீர் உப்பாயிற்றே என்று கேட்கலாம். வயலுக்குள் வருவது கடல் தண்ணீர் அல்ல. உப்புநீர் கனம், நன்னீர் லேசு. ஓதம் ஏறுகையில், கழிமுகத்துக்குச் சற்று மேலே, ஆற்றின் நன்னீரைக் கடல் பின்னுக்குத் தள்ளி உயர்த்துகிறது. மதகு பிடிப்பது அந்த மேல்தண்ணீரை. மட்டம் தவறிப் புதைத்தாலும், வறட்சியில் உப்பு மேலேறிய நாளில் கதவைத் திறந்தாலும் பயிர் போச்சு.

ஆரம்பத்தில் இது பெட்டியாகவே இருக்கவில்லை. உள்ளே குடைந்த சைப்ரஸ் மரம், ஒரு முனையில் அடைப்புக் கட்டை, அவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரோலினாவில் நெல் காலூன்றியது ஆற்றங்கரையில் அல்ல, உள்நாட்டுச் சதுப்புகளில். மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை போட்டு மழைநீரைத் தேக்கி, வேண்டும்போது திறந்துவிட்டார்கள். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 1750ஐ ஒட்டித்தான் ஓதம் ஏறும் ஆறுகளுக்குச் சாகுபடி இறங்கியது. தண்ணீரின் வேகமும் அளவும் கூடின. குடைந்த மரம் பலகைப் பெட்டியானது. அடைப்புக் கட்டை ஆடுகதவானது.

குடைந்த மரத்தைக் கரைக்குள் வைக்கும் வித்தை அட்லாண்டிக்கின் மறுகரையில் முன்பே இருந்தது. இன்றைய செனகல், கினி-பிசாவ் கடற்கரைகளில் ஜோலா, பலாண்டா மக்கள் அலையாத்திக் காட்டை வெட்டிக் கரை கட்டி, மண்ணின் உப்பை மழைநீரால் கழுவி நெல் போட்டவர்கள். கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த வணிகர் ஆந்த்ரே ஆல்வரேஸ் த அல்மாதா அந்தக் கடற்கரையின் கரை கட்டிய நெல்வயல்களை 1594லேயே எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் சார்ல்ஸ்டன் பத்திரிகைகளில் வந்த அடிமை விற்பனை விளம்பரங்களில், வந்திறங்கியவர்கள் நெல் சாகுபடியில் பழகியவர்கள் என்பதே பெருமையாகச் சொல்லப்பட்டது. 1974இல் பீட்டர் வுட்டும் 2001இல் ஜூடித் கார்னியும் எழுதிய நூல்கள் இந்த ஆப்பிரிக்க அறிவை வரலாற்றின் நடுவே கொண்டுவந்து வைத்தன. 2007இல் டேவிட் எல்டிஸ், பிலிப் மோர்கன், டேவிட் ரிச்சர்ட்சன் மூவரும் அடிமைக் கப்பல்களின் கணக்கை எடுத்துப்போட்டு, அந்த வாதம் அளவுக்கு மீறிப் போகிறது என்று மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், பலகைப் பெட்டியில் ஐரோப்பியத் தச்சும் கலந்திருக்கலாம். ஆனால் இங்கிலாந்திலிருந்தும் பார்படோஸிலிருந்தும் வந்த நிலக்காரர்கள் நெல் நாற்றங்காலைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல. சேற்றில் நின்று இந்த மதகை வேலைக்குப் பழக்கியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மதகைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பண்ணையிலும் ஓர் ஆள் இருந்தார். நம் ஊரில் பாசனத் தண்ணீரைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டி செய்கிற வேலை. ஆனால் இவர் அடிமை. ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இன்று நண்பகலில் வந்தது அடுத்த வாரம் மாலை ஆறு மணிக்கு வரும், அதற்கடுத்த வாரம் நள்ளிரவுக்கு. அவருடைய தூக்கம் அந்தக் கணக்கில்தான் ஓடியது. விதைத்ததும் முளைக்க ஒரு தண்ணீர். முளை தலைகாட்டியதும் பறவையிடமிருந்து காக்க ஒரு தண்ணீர். களையை மூழ்கடிக்க ஒரு நெடுந்தண்ணீர். கடைசியில் கனக்கும் பயிரைத் தாங்கிப் பிடிக்க அறுவடை வரை நிற்கும் தண்ணீர். நடுவில் வடித்துக் காயவிடும் நாட்களில், தலைக்குக் கால் ஏக்கர் என்று அளந்து கொத்தவிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் பாபோலிங்க் குருவிகள் தெற்கே வலசை போகும் வழியில் பால் பிடித்த கதிரில் இறங்கும். நெற்குருவி என்றே அதற்குப் பெயர். கரையில் பிள்ளைகளை நிறுத்திக் கூச்சல் போடவைத்தும், துப்பாக்கியால் சுட்டும் விரட்டினார்கள். இன்று அதே குருவியைக் கண்டால் பட்டியலில் குறித்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார்கள்.

கரைகளைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. கூப்பர் ஆற்றின் கிழக்குக் கிளையில் பன்னிரண்டரை மைல் நீளத்துக்குள் மட்டும் 55 மைலுக்கு மேல் நெல்கரை, 64 லட்சம் கன அடிக்கு மேல் மண் என்று தொல்லியலாளர் லேலண்ட் ஃபெர்குசன் எழுதினார். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அடிமைகளின் கையால் அள்ளிய மண் அது. வாய்க்கால் தூர்வாரும் வேலை குளிர்காலத்தில், முழங்கால் சேற்றில். கோடையில் மலேரியாவுக்குப் பயந்து நிலக்காரர் குடும்பங்கள் மே மாதமே நகரத்துக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடும். மதகுக்காரரும் மற்றவர்களும் அங்கேயே கிடந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து ஆளாகவில்லை. கா காவுக்கு அருகே ஸ்டோனோ ஆற்றங்கரையில் 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, ஜெம்மி என்பவர் தலைமையில் இருபது பேர் வரை ஆயுதம் எடுத்து, விடுதலை தருவதாகச் சொன்ன ஸ்பானிய ஃபுளோரிடாவை நோக்கி நடந்தார்கள். வழியில் கூட்டம் பெருகியது. அன்று மாலையே படை வந்து நொறுக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் அடிமைகள் எழுதக் கற்பதையும் கூட்டம் கூடுவதையும் தடை செய்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1850இல், வடக்கே புரூக்கிரீனில் ஜோஷுவா ஜான் வார்டு என்ற ஒருவரிடம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள்.

உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜூன் 2ஆம் தேதி விடியலில், முன்னாள் அடிமை ஹாரியட் டப்மன் வழிகாட்ட, வடக்குப் படையின் படகுகள் கம்பாஹீ ஆற்றில் ஏறின. அரிசி ஆலைகளும் களஞ்சியங்களும் எரிந்தன. 700க்கும் மேற்பட்டோர் வயலிலிருந்து நேரே படகுக்கு ஓடி விடுதலையானார்கள். மதகின் முதல் எசமானான நெல் நிலக்காரரின் காலம் அதோடு ஆட்டம் கண்டது. போருக்குப் பிறகு பழைய சேற்று வேலைக்குப் பழைய விலையில் ஆள் கிடைக்கவில்லை. 1893, 1910, 1911 புயல்கள் கரைகளை அடித்துப் போயின. லூசியானாவிலும் அர்கன்சாவிலும் கெட்டித் தரையில் எந்திரம் இறங்கியது. கரோலினாச் சேறு எந்திரத்தைத் தாங்காது. மதகுகள் உளுத்தன.

அப்புறம் இரண்டாவது எசமானாக வந்தவர்கள் வடக்குப் பணக்காரர்கள். கைவிட்ட வயலில் குளிர்காலத்தில் வாத்து இறங்குவதைக் கண்டு பண்ணைகளை வேட்டைக்காக வாங்கிப்போட்டார்கள். வால் ஸ்ட்ரீட் முதலாளி பெர்னார்ட் பரூக் 1905இல் ஹாப்கா பண்ணையில் கால் வைத்தார். வாத்து வர வேண்டுமென்றால் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கு மதகு வேண்டும். நெல்லுக்காகப் பழகிய கைகளின் பிள்ளைகளே மறுபடி மதகைப் பழுது பார்த்தார்கள், படகும் தள்ளினார்கள். ஒரு விதத்தில் இந்த வேட்டைக்காரர்கள்தான் மதகைக் காப்பாற்றினார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1980களில் ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற கண் மருத்துவர், வாத்தை வரவழைக்கவே அரசு விதை வங்கியிலிருந்து ‘கரோலினா கோல்டு’ நெல்லை வாங்கி விதைத்தார். வயலிலிருந்து மறைந்தே போயிருந்த அந்த அரிசி அப்படித்தான் மறுபடி தட்டுக்கு வந்தது.

மூன்றாவது எசமான் பொதுமக்கள். புரூக்கிரீன் 1931இலேயே சிற்பத் தோட்டமானது; இன்று அங்கே விலங்குக் காட்சியகமும் பழைய நெல்வயல் ஓடைகளில் படகுச் சவாரியும் உண்டு. பாஸ்டன் பேஸ்பால் அணியின் உரிமையாளர் டாம் யாக்கி 1976இல் தன் நிலத்தை மாநிலத்துக்கு எழுதிவைத்துப் போனார். அஷிப்பூ, கம்பாஹீ, எடிஸ்டோ ஆறுகள் கூடும் படுகையில் 1990இல் தேசிய வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. எங்கே போனாலும் வேலை அதே மதகில்தான், பஞ்சாங்கம்தான் வேறு. இலையுதிர்காலத்தில் நிரப்பினால் ஊசிவால் வாத்தும் கிளுவையும் இறங்கும். குளிர் முடிகையில் மெல்ல வடித்தால் சேறு தெரியும், உள்ளான்கள் வரும். வற்றும் குட்டையில் மீன் திரண்டால் நாரைகளுக்குக் கொண்டாட்டம். உப்பையும் நன்னீரையும் எவ்வளவு கலப்பது என்பதைப் பொறுத்து எந்தப் புல் முளைக்கும் என்பதும் முடிவாகும். நடைபாதையில் நின்று இயற்கை எவ்வளவு அழகு என்று வியக்கிறவர்கள் பார்ப்பது, அடிமைகள் வெட்டித் திருத்திய ஒரு பாசனத் திட்டத்தை. மதகை நாலு வருஷம் சும்மா விட்டால் அந்தக் காட்சி இருக்காது.

இப்போது அடிக்கிற மதகு பெரும்பாலும் மருந்தேற்றிய பைன் பலகை. கரையை வெட்டி, புதுப் பெட்டியை மிதக்கவிட்டு இடத்தில் அமுக்கி, அடுத்த ஓதம் வருவதற்குள் களிமண்ணைக் கொட்டிக் கெட்டித்தாக வேண்டும். எக்ஸ்கவேட்டர் வந்தும் ஓதத்தின் அவசரம் மாறவில்லை. இதைவிடப் பெரிய தலைவலி கடல். சார்ல்ஸ்டனில் கடல் மட்டம் நூறு ஆண்டில் ஓர் அடி அளவுக்கு உயர்ந்திருக்கிறது. ஆறு முன்போல் தாழ்ந்து வற்றாவிட்டால் வயல் வடிய இடமில்லை. 2015 பெருமழையும் 2016 மேத்யூ புயலும் பல பழைய கரைகளைப் பெயர்த்துவிட்டன. எல்லாவற்றையும் திரும்பக் கட்டப் பணம் கிடையாது. எதைக் காப்பது, எதைக் கடலுக்கு விடுவது என்று பேச்சு நடக்கிறது. அந்த மேசையில் பொறியாளர்களும் வாத்து எண்ணுகிறவர்களும் இருப்பது நியாயம்தான். அந்தக் கரைகளைப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளான கல்லா கீச்சி மக்கள் இன்றும் அதே கடற்கரையில் வாழ்கிறார்கள். 2006இல் அவர்கள் பெயரில் தேசியப் பண்பாட்டு வழித்தடமே அறிவிக்கப்பட்டது. அந்த மேசையில் முதல் நாற்காலியை அவர்களுக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி.