ஆதிலட்சுமியில் போனவர்கள்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் மழை பொய்த்தால் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும். வற்ற வற்ற, பழைய டவுனின் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் சேற்றிலிருந்து தலைகாட்டும். 1969இல் நீர்த்தேக்கம் உருவானபோது தண்ணீருக்குள் போன ஊர் அது. டவுனை மேட்டுக்கு மாற்றினார்கள். இப்போது தண்ணீர் இறங்கிய செய்தி கேட்டாலே இடிபாடுகளைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

இந்த மலைகளுக்கு ஆள் கொண்டுவந்த வழியிலும் ஒன்று மூழ்கியது. அது எந்த வறட்சியிலும் வெளியே வராது. 1864இல் தமிழகக் கரையிலிருந்து தொழிலாளரை ஏற்றிவந்த ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் கடலில் மூழ்கி 120 பேர் இறந்தார்கள் என்று மலையக வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. அவர்கள் தேயிலைக்கு வந்தவர்கள் அல்லர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல்தான். ஆதிலட்சுமியில் ஏறியவர்கள் கோப்பிப் பழம் பறிக்கப் போனவர்கள். பறிப்பு முடிந்ததும் கையில் நாலு காசோடு ஊர் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் கிளம்பிய காலம் அது.

அந்தக் கணக்கு பலருக்குப் பொய்த்தது. பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் ஆளைத் தின்றன. அந்தச் சாவுகளின் நடுவில் ஒரு கப்பல் மூழ்கியது தனிச் செய்தியாக எத்தனை நாள் நின்றிருக்கும்? 120 என்ற எண் மிஞ்சியது. யார் யார் என்பது மக்கள் நினைவில் மிஞ்சவில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. 1975 நவம்பர் 9ஆம் திகதி, ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற 729 அடி நீளச் சரக்குக் கப்பல் 26,000 தொன்னுக்கு மேற்பட்ட இரும்புத்தாது உருண்டைகளோடு சுப்பீரியர் ஏரியில் புறப்பட்டது. ஏரி என்றுதான் பெயர். பரப்பில் இலங்கையைவிடப் பெரியது. மறுநாள் புயலில் சிக்கியது. சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பின்னால் வந்த கப்பலுக்கு வானொலியில் சொன்ன சில நிமிடங்களில் மூழ்கியது. கப்பலில் இருந்த 29 பேரும் இறந்தார்கள்; ஓர் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

கனடாப் பாடகர் கோர்டன் லைட்ஃபூட் அந்தச் செய்தியைச் சஞ்சிகையில் படித்துவிட்டுப் பாட்டு எழுதினார். 1976இல் அது வெளிவந்து கனடாவில் முதலிடமும் அமெரிக்காவில் இரண்டாமிடமும் பிடித்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், பல்லவியே இல்லாத சாவுப் பாட்டு! மெட்டு, சிறுவயதில் கேட்ட ஓர் அயர்லாந்துப் புலம்பலிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த தோட்டத்து ஆளுக்கு இது புதிராக இருக்காது. நல்ல மெட்டு இழவு வீட்டில்தான் பிறக்கும் என்று நம் பாட்டிமார் சத்தியம் செய்வார்கள்.

பாட்டு வந்தபின் கப்பலை யாரும் மறக்க முடியவில்லை. 1995இல் ஏரியின் அடியிலிருந்து கப்பலின் மணியை மேலே எடுத்தார்கள். இறந்த 29 பேரின் பெயர் பொறித்த வேறொரு மணியை அதற்குப் பதிலாகக் கீழே வைத்தார்கள். டெட்ரோய்ட் நகரின் மாலுமிகள் தேவாலயத்தில் ஆளுக்கொரு முறை என்று மணி அடிப்பது வழக்கமாக இருந்தது. 2023 மே மாதம் லைட்ஃபூட் இறந்தபோது 30 முறை அடித்தார்கள்.

பாட்டில் ஒரு வில்லங்கமும் இருந்தது. சரக்கறை மூடி ஒன்று இடிந்து தண்ணீர் உள்ளே புகுந்ததாக ஒரு வரி. மூடியைச் சரியாகப் பூட்டாதது மாலுமிகளின் கவனக்குறைவோ என்ற பழிக்கு அது இடம் கொடுத்தது. விபத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்ற ஆய்வு பின்னாளில் வந்ததும், 2010 முதல் லைட்ஃபூட் மேடையில் அந்த வரியை மாற்றியே பாடினார். இறந்தவர்களின் குடும்பத்தாரை நேரில் அறிந்த மனிதர் அப்படித்தான் செய்வார்.

ஆதிலட்சுமிக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லை. மலையகத்தாருக்குப் பாட்டு வராது என்பதல்ல காரணம். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் விடிய விடிய நடந்த லயங்கள் இவை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, எழுப்பியதும் தப்பு மேளம். பாடையைத் தூக்கியபோது முன்னால் போனதும் தப்பு. கோப்பி மலையில் உடன்பிறப்பைப் பறிகொடுத்த துயரமும், கங்காணி மேலான கோபமும், துரையைப் பற்றிய கிண்டலும் மக்கள் வாயில் பாட்டாக நின்றன. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் முதல் பாராளுமன்றத்துக்குப் போன கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித்தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார்.

அவர் மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் கொழுந்து கிள்ளும்போதும் குழந்தையைத் தாலாட்டும்போதும் பாடியவர்கள், கரை சேர்ந்தவர்கள். ஒப்பாரி வைக்க உறவுமுறை வேண்டும். அண்ணா என்றோ ராசா என்றோ விளித்துத்தான் அது தொடங்கும். நடுக்கடலில் மொத்தமாகப் போனவர்களை அந்த முறை சொல்லி அழ வேண்டியவர்கள் தமிழகத்துக் கிராமங்களில் இருந்தார்கள். அங்கே அவர்கள் அழுதிருப்பார்கள். அந்த அழுகைக்கும் இந்த மலைக்கும் நடுவே கடல் கிடந்தது.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. முன்னோர் நடந்த தரைவழியை அப்படி மீட்டாயிற்று. கடல்வழி மிச்சமிருக்கிறது. அதை நடந்து காட்ட முடியாது, பாடத்தான் முடியும். லைட்ஃபூட் செய்தி படித்துத்தான் எழுதினார். தப்பும் கும்மி மெட்டும் கையில் இருக்கிற மஸ்கெலியாப் பிள்ளைகள் யாராவது, 1864இன் அந்த ஒற்றை வரிச் செய்தியை எடுத்துக்கொண்டு உட்காரலாம்.