மட்டக்களப்பு வாவிக்கரைத் தேவாலயங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் அழைப்பது அந்நாட்டு வழக்கு. ஞாயிறு படுகின்ற திசையும் எழுகின்ற திசையுமே இவ்வாறு பெயராயின. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் விளங்குகின்றது. அதற்கு வடபால், நீர் சூழ்ந்த புளியந்தீவிலே, கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர் ஆகிய முச்சபையாருக்கும் பழமை வாய்ந்த தேவாலயங்கள் உள. சிறியதொரு தீவினுள் இவை யாவும் இடம்பெற்ற வரலாறு அறியத்தக்கது.

கொக்கட்டிச்சோலையில் கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகின்றது. ஆலயத்தை இடிக்க வந்த பறங்கித் தலைவன் ஒருவன் அங்கிருந்த கல் நந்தியைக் காட்டி, “இது புல் உண்ணுமோ?” என்று எள்ளி நகையாடினான், நந்தி எழுந்து புல்லை உண்டது, அவன் அஞ்சி அகன்றான் என்பது அக்கதை. இதனை ஆவணமாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், புதிய சமயம் படைக்கலத்தோடு வந்து இறங்கிய காலத்தில் மக்கள் மனத்தில் நிலவிய அச்சத்திற்கு இது சான்றாகும்.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இருவரும் கிறிஸ்தவரே, எனினும் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சீர்திருத்தச் சபையினர். ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தனர். குருமாருக்குப் புகலிடம் அளித்தலையும் பெருங்குற்றமாக்கினர். அந்நாளில் கத்தோலிக்க சமயத்தைக் காத்தவை படைகள் அல்ல. 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசேவ் வாஸ் அடிகளாரும், அவரை ஒத்த குருமாரும், மறைவிடங்களிற் கூடி வழிபட்ட மக்களுமே அதனைக் காத்தனர். அவ்வடிகளாருக்குப் புகலளித்தவர் கண்டியை ஆண்ட பௌத்த மன்னர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆங்கிலேயர் வந்தபின் 1806இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. அதே காலத்தில், அரச பதவியை விரும்பி ஒல்லாந்தர் சபையிற் பெயரைப் பதிந்திருந்தோர் இலங்கையெங்கணும் பெருந்தொகையாக விலகினர். தடுக்கப்பட்ட சமயம் நிலைத்தது. பதவியைக் காட்டி வளர்க்கப்பட்ட சபை தளர்ந்தது.

1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் போதகர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை அடைந்தார். இலங்கை நோக்கிய கடற்பயணத்தில் மனைவியை இழந்தவர் அவர். தனியராய் வந்த அவர் பள்ளிகளைத் தொடங்கினார். ஓராண்டும் நிறைவுறாமுன், 1815 ஏப்பிரலில், அங்கேயே உயிர் துறந்தார். அவர் விதைத்த கல்விப்பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்கர் 1873இல் நிறுவிய கல்லூரி, பின்னர் இயேசு சபைக் குருமாரின் உழைப்பால் புனித மிக்கேல் கல்லூரி எனப் புகழ்பெற்றது.

சபைகளுக்கிடையே எழுந்த போட்டியின் பயனை நாடு முழுவதும் நுகர்ந்தது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அவரே இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள். இரு சபையாரின் பள்ளிகளிற் கற்றவர் தம் சைவத்தை இழந்திலர். தமிழோ பெருஞ்செல்வம் பெற்றது.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகியது. புளியந்தீவின் புனித மரியாள் ஆலயம் அதன் பேராலயமாக விளங்குகின்றது. அதே ஆலயத்தில், 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவு வழிபாட்டின்போது, பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நகரின் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு சிறுவர் பலரையும் பலிகொண்டது. இத்துயரங்களின் பின்னரும் மட்டுநகரில் வழிபாடு ஓயவில்லை.

வாவிக்கரையின் வரலாறு புகட்டும் பாடம் தெளிவானது. கோட்டையின் வலிமையால் நட்ட சமயம் வேரூன்றியதில்லை. மக்கள் உள்ளத்தில் வேரூன்றியதை வாளாலும் சட்டத்தாலும் வெடிகுண்டாலும் களைந்தவரும் இல்லை. நந்தி புல்லுண்ட கதையைப் படுவான்கரை மக்கள் இன்றும் போற்றுவதன் பொருளும் இதுவே.