வரதராஜ முதலியாரும் வேலு நாயக்கரும்

சென்னையிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் இருப்புப் பாதை அரக்கோணத்தில் வடக்கு நோக்கித் திரும்பி, திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா ஆகிய ஊர்களைக் கடந்து கடப்பைச் சீமைக்குள் புகுகின்றது. 1871-ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து சென்ற தண்டவாளமும் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் ராய்ச்சூரில் ஒன்றுகூடின. அன்று முதல் பிழைப்பை நாடிப் பம்பாய்க்குப் போன தமிழர் எத்தனையோ பேர் புத்தூர் நிலையத்தைச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தால் தமிழகமெங்கும் பெயர் பெற்ற ஊர் அது. கை கால் முறிந்தவர் அங்கே இறங்குவர். வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடுவோர் மேலே செல்வர்.

புத்தூர்த் தமிழர் வேற்று மாநிலத்தவரான வரலாறு சற்று விந்தையானது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. நகரி, புத்தூர் வட்டாரத்தில் முதலியார் என்னும் பட்டத்தைத் தாங்கிய நெசவுக் குடும்பங்கள் பல. அதே பட்டத்தைத் தாங்கிய ஒருவர் பம்பாயில் கள்ளச் சாராயத்துக்கும் கடத்தலுக்கும் தலைவராகப் பேர் எடுத்ததையும், அவர் வாழ்வைத் தழுவிச் சென்னையில் ஒரு திரைப்படம் உருவானதையும் இங்கே கூற விரும்புகிறேன். வேற்று மாநிலத்தில் வாழும் ஒரு சமூகத்தின் முகமாக அயலார் கண்ணில் யார் படுகிறார் என்பது அச்சமூகத்துக்குச் சிறிய காரியமன்று.

வரதராஜன் முனிசாமி முதலியார் 1926-இல் பிறந்தவர். இளமையில் பம்பாய்க்குச் சென்று, விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமைகூலியாக வேலை செய்தார் என்பது அவரைப் பற்றி எழுதியோர் யாவரும் கூறும் செய்தி. நிலையத்தின் அருகிலிருந்த தர்காவில் ஏழைகளுக்கு அன்னமளிக்கும் வழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை என்றும் சொல்வர். சுமை தூக்கியவர் பெரும்பொருள் திரட்டியது எவ்வாறு?

இதற்கு விடை 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தில் இருக்கிறது. மதுவிலக்கு நமக்குப் புதிதன்று. ராஜாஜி 1937-இல் சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கி, மறு ஆண்டே சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும் விரித்தார். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் கடைகளை மூடிய சட்டத்தால் குடிப்பவனின் தாகத்தை மூட முடியவில்லை. பம்பாய் போன்ற மாநகரில் அந்தத் தாகம் பெரிய வாணிபமாயிற்று. தாராவியைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலும், சயான், ஆன்டாப் ஹில் பகுதிகளிலும் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். காய்ச்சியவர்களிலும் சுமந்து சென்றவர்களிலும் பலர் வேறு வேலை கிடைக்காத ஏழைகள்; தமிழரும் அவர்களுள் அடக்கம். அந்த ஏழைகளின் உழைப்பை ஒழுங்குபடுத்தி, காவலருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எஞ்சியதைத் தம் வசம் வைத்துக்கொண்டவர் வரதராஜன்.

அவரைத் தெய்வமாகப் போற்றியவர்களும் அந்த ஏழைகளே. மாதுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே ஆண்டுதோறும் அவர் எழுப்பிய பிள்ளையார் பந்தல் நகரமெங்கும் பேசப்பட்டது. வழக்குத் தீர்த்தல், திருமணத்துக்குப் பொருளுதவி, மருத்துவச் செலவு என்று அவர் வாயிலில் மக்கள் காத்து நின்றனர். 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர் மீது வெறுப்பைக் கிளப்பிய காலம் அது. வேட்டியும் லுங்கியும் ஏளனத்துக்கு உள்ளாயின. தென்னாட்டவர் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அரசாங்கம் காப்பாற்றும் என்று நம்ப இயலாத எளியவன், அடிப்பவனைத் திருப்பி அடிக்கவல்ல ஒருவரிடம் போய் நின்றதில் வியப்பில்லை. எனினும் அந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைத்ததன்று. தாராவித் தமிழரின் பெயர் காவல் நிலையப் பதிவேடுகளோடு சேர்த்துப் பேசப்பட்டது அதன் விலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் வந்து, தோல் பதனிடும் தொட்டிகளில் முழங்கால் மூழ்க நின்று உழைத்த குடும்பங்களும் அந்த விலையைக் கொடுத்தன.

அக்காலப் பம்பாயின் மற்றொரு பெருங்கடத்தல்காரரான ஹாஜி மஸ்தானும் தமிழரே. இராமநாதபுரம் ஜில்லாவில் பனைக்குளத்தில் பிறந்தவர். 1975-இல் சலீம்-ஜாவேத் எழுதி வெளிவந்த ‘தீவார்’ என்னும் இந்திப் படத்தின் நாயகன் அவரை ஒத்தவன் என்று மக்கள் பேசிக்கொண்டனர். ஆனால் அப்படத்து நாயகன் தமிழன் அல்லன். பம்பாய்த் தமிழனைத் தமிழனாகவே காட்டும் படம் பின்னரே வந்தது.

அது உருவான விதம் சுவையானது. படத்தயாரிப்பாளர் முக்தா சீனிவாசனுக்காக ஒரு படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்த கமல்ஹாசன், அதை இயக்க மணிரத்னத்தை அழைத்தார். ஓர் இந்திப் படத்தைத் தழுவி எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் தரப்பில் யோசனை கூறப்பட்டது. மணிரத்னம் அதற்கு இணங்கவில்லை. தம்மிடமிருந்த கதைகளை எடுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று பம்பாய்க் கதை. 1970-களின் இடையில் பம்பாய் ஜம்னாலால் பஜாஜ் கல்விக்கழகத்தில் மேலாண்மை பயின்றவர் அவர். வரதராஜனின் செல்வாக்கு உச்சத்திலிருந்த ஆண்டுகள் அவை. சட்டத்தை மீறும் ஒருவரை மக்கள் எவ்வாறு வழிபடுகிறார்கள் என்னும் வியப்பு அப்போதே அவர் உள்ளத்தில் விழுந்தது. ‘மௌன ராகம்’ 1986-இல் வெற்றி பெற்ற பின்னர், அந்த வியப்பைக் கதையாக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ‘நாயகன்’ அவருடைய ஆறாவது படம்.

உயிரோடிருக்கும் ஒருவரைக் கதைப்பொருளாக்குவதில் உள்ள இடர்களைச் சொல்ல வேண்டுவதில்லை. வரதராஜ முதலியார் வேலு நாயக்கரானார். நாயகன் என்னும் தலைப்பும் நாயக்கர் என்னும் பட்டமும் ஒன்றையொன்று தொட்டு ஒலிக்கின்றன. தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே தாங்கும் பட்டம் அது என்பதைச் சித்தூர் எல்லைப்புறத்தார் நன்கறிவர். பெயரை மாற்றியதோடு கதையும் புதிதாகக் கட்டப்பட்டது. தூத்துக்குடியில் தொழிற்சங்கத் தலைவரான தந்தையைப் போலீசார் சுட்டுக் கொல்ல, சிறுவன் ஒரு போலீஸ்காரனைக் கொன்றுவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகிறான்; தாராவியில் ஹுசேன் என்னும் முதியவர் அவனை வளர்க்கிறார். வரதராஜனின் வாழ்வில் இவை நடந்தனவாகத் தெரியவில்லை. குற்றத்துக்கு முன்னதாக ஓர் அநீதியை வைத்து, குற்றவாளியின் மீது நமக்கு இரக்கம் பிறக்கும்படி செய்தது கதாசிரியரின் கைத்திறம். குடும்பமும் அதிகாரமும் பின்னிக் கிடக்கும் அமைப்புக்கு, கொப்போலாவின் 1972-ஆம் ஆண்டுப் படமான ‘காட்ஃபாதர்’ முன்மாதிரி. இதை மறைக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்தவுடனே தெரியும்.

பம்பாயைச் சென்னையில் எழுப்பியதுதான் இப்படத்தின் பெருவேலை. கலை இயக்குநர் தோட்டா தரணி தாராவியின் சந்துகளை நேரில் கண்டு, அவற்றைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் மறுபடியும் கட்டினார். தகரக் கூரை, சாக்கடை, ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடைவழி, ஏணிப் படிகள் ஆகிய யாவும் அங்கே தோன்றின. சில காட்சிகள் மட்டுமே உண்மையான தாராவியில் எடுக்கப்பட்டன. எது உண்மை, எது அரங்கம் என்று பிரித்தறிவது எளிதன்று. அதுவரை தமிழ்ப் படங்களில் குடிசைப் பகுதி என்றால் இரண்டு ஓலைக் குடிசையும் ஒரு கிணறுமாகவே இருந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் நாயகனின் முகத்தில் பாதியை இருளில் விட்டார். நட்சத்திர நடிகரின் முகம் எப்போதும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில் அது துணிவான செயல். பாலகுமாரன் எழுதிய உரையாடல்கள் குறுகியவை. மேடைப் பேச்சின் சாயல் அற்றவை. இசையமைத்த இளையராஜாவுக்கு இது நானூறாவது படம். புலமைப்பித்தன் இயற்றிய ஒரு பாடல் தாலாட்டுப் போலவும் ஒப்பாரி போலவும் படம் நெடுகத் திரும்பத் திரும்ப வருகின்றது. கமல்ஹாசன் இளைஞனாகத் தொடங்கி முதியவராக முடிகிறார். நரைத்த முடியைக் காட்டிலும், முதுமையில் தளர்ந்துபோன நடையும் வெற்றிலை குதப்பும் வாயுமே அவருக்கு வயதைத் தந்தன என்பது என் கருத்து.

இனி, படம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வரதராஜனின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்த கள்ளச் சாராயம் கதையில் பின்னுக்குப் போய்விட்டது. கடல்வழிக் கடத்தல் முன்னுக்கு வந்தது. கடத்தற் பண்டத்தால் அரசாங்கத்துக்கு வரி நட்டம்; அதை நினைத்துக் கண்ணீர் விடுபவர் இலர். சாராயத்தால் கெடுவது கூலிக்காரனின் குடல். பட்டினி கிடப்பது அவன் மனைவி மக்கள். நாயகனைக் காப்பவனாகக் காட்ட வேண்டுமானால், அவன் காப்பாற்றும் மக்களுக்கே அவன் நஞ்சு விற்கிறான் என்று காட்டுவது எவ்வாறு இயலும்? இந்த இடத்தில் படம் வரலாற்றினின்று விலகித் தன் நாயகனுக்குச் சலுகை தந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

எனினும் நியாயம் பேசும்போது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். படம் அவரை முழுதும் விடுவித்துவிடவில்லை. அவர் கொன்ற போலீஸ் அதிகாரியின் மனைவி விதவையாகிறாள். அவள் மகன் மனவளர்ச்சி குன்றியவன். அக்குடும்பத்தை நாயக்கர் தம் செலவில் பராமரிக்கிறார். பெற்ற மகளோ அவருடைய தொழிலை வெறுத்து வீட்டை விட்டு வெளியேறி, ஒரு போலீஸ் அதிகாரியையே மணக்கிறாள். பேரன் அவரை நோக்கி, தாங்கள் நல்லவரா தீயவரா என்னும் பொருள்படக் கேட்கிறான்; தமக்கே தெரியவில்லை என்கிறார் கிழவர். சாட்சியின்றி நீதிமன்றம் விடுதலை செய்கிறது. வாசலில், அவர் சோறிட்டு வளர்த்த அந்த அதிகாரியின் மகன் அவரைச் சுட்டு வீழ்த்துகிறான்.

உண்மை வரதராஜனின் முடிவு வேறு. 1980-களின் இடையில் காவல்துறை அதிகாரி ஒய்.சி. பவார் அவருடைய சாராய உலைகளையும் சூதாட்டக் களங்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். கூட்டாளிகள் சிறைப்பட்டனர், பிள்ளையார் பந்தல் சுருங்கிற்று. அவர் பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்து ஒதுங்கி வாழ்ந்தார். ஆகவே, 1987 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி ‘நாயகன்’ வெளிவந்தபோது, படத்தின் மூலபுருடர் அது எடுக்கப்பட்ட நகரத்திலேயே இருந்தார். மூன்று மாதங்களுக்குள், 1988 ஜனவரியில், அவர் காலமானார். உடலை விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டு செல்ல ஏற்பாடு செய்தவர் ஹாஜி மஸ்தான். உயிரோடு திரும்ப முடியாத ஊருக்கு அவர் அவ்வாறு திரும்பினார். திரளான மக்கள் காத்திருந்தனர்.

படத்துக்கு வந்த பெருமைகள் யாவரும் அறிந்தவையே. கமல்ஹாசன், பி.சி. ஸ்ரீராம், தோட்டா தரணி ஆகிய மூவரும் தேசிய விருது பெற்றனர். இந்தியாவின் சார்பில் ஆஸ்கார் பரிசுக்கு அனுப்பப்பட்டது. 2005-இல் ‘டைம்’ இதழ் தொகுத்த உலகின் தலைசிறந்த நூறு படங்களில் இடம் பெற்றது. தெலுங்கில் ‘நாயகுடு’ என்னும் பெயரில் மொழிமாற்றம் பெற்றதால், சித்தூர்ச் சீமையில் ஒரே தெருவில் வாழும் இரு மொழியாரும் ஒரே கதையைப் பேசக்கூடியதாயிற்று. 1988-இல் பெரோஸ் கான் அதை ‘தயாவான்’ என்று இந்தியில் எடுத்தார். வினோத் கன்னா நடித்தார். இந்திக்குப் போனதும், அயலூரில் மொழி தெரியாமல் திகைத்து நிற்கும் தமிழன் என்னும் கருவின் கூர் மழுங்கிவிட்டது. மூலப்படத்தில் போலீஸ்காரர் இந்தியில் அதட்ட, நாயகன் தமிழில் விடை சொல்வதில் ஒரு சமூகத்தின் தவிப்பே அடங்கியிருந்தது.

தாராவித் தமிழனை வேறொரு கண் கொண்டு பார்க்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2018 ஜூனில் பா. இரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த ‘காலா’ வெளிவந்தது. அதன் நாயகனும் திருநெல்வேலியிலிருந்து போன குடியில் வந்தவனே. அவன் கடத்தலுக்குத் தலைவனாக நிற்கவில்லை. குடியிருக்கும் மண்ணை நிலவேட்டைக்காரரிடமிருந்து காக்கப் போராடுகிறான். அப்படம் எடுக்கப்பட்டபோது, அதன் கதை தம் வளர்ப்புத் தந்தையான ஹாஜி மஸ்தானைக் குறிப்பது என்று ஒருவர் வழக்கறிஞர் மூலம் ஆட்சேபம் எழுப்பினார். இரஞ்சித் அதை மறுத்தார். தமிழன் ஒருவன் பம்பாய்த் தலைவனாகத் திரையில் தோன்றினால், அவன் கடத்தல்காரனாகவே இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. அந்தப் படத்துக்கும் சந்து, தகரக் கூரை, ஏணிப் படிகளோடு கூடிய தாராவி, பெரும்பாலும் சென்னையில்தான் கட்டப்பட்டது.