கரையில் உறங்கும் படகு மோட்டார்

ஓடாத எந்திரம் தேயாது என்பது பலருடைய எண்ணம். தேய்மானம் உராய்வினால் உண்டாவது. ஆகவே நெடுநாள் மூலையில் கிடந்த எந்திரம் புதியது போலவே இருக்கும் என்று கருதுவது இயல்பே. ஆனால் படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. ஆறு மாதம் கரையில் கிடந்த மோட்டாரின் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது கிளம்ப மறுப்பதுண்டு. அதைவிடக் கொடியது, கரையில் கிளம்பிவிட்டுக் கடலுக்குள் சென்றபின் நின்றுபோவது. உபயோகிக்காமல் வைத்திருக்கும்போது இதில் கெடுவது எது? இம்மோட்டார் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

குளிர்நாட்டு ஏரிகளில் பிறந்தது

படகிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய மோட்டாரை முதலில் ஓட்டிக் காட்டியவர் பிரான்சு நாட்டின் குஸ்தாவ் துரூவே. 1881-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் அவர் ஓட்டியது மின்சார மோட்டார். பெட்ரோலால் ஓடும் மோட்டாரை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் காமரான் வாட்டர்மேன் என்பவர் 1905-இல் சோதித்துப் பார்த்தார். எனினும் அதை ஊரறியச் செய்தவர், நார்வேயில் பிறந்து விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட். ஒரு கோடை நாளில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்ததாகவும், கரை சேர்வதற்குள் அது உருகிவிட்டதாகவும், அன்றே மோட்டார் செய்யும் எண்ணம் அவருக்கு உதித்ததாகவும் ஒரு கதை உண்டு. 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது. எடை சுமார் 28 கிலோகிராம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஸ்கான்சின் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஆகவே ஆண்டில் பல மாதங்கள் சும்மா கிடப்பது இம்மோட்டாரின் பிறவி விதி. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. எந்திரத்தின் நீர்ப்பாதைகளில் சிறிது நீர் தங்கியிருந்தாலும் போதும், பனிக்கட்டியாகி உலோகத்தையே பிளந்துவிடும். குளிர்காலத்திற்கு முன் மோட்டாரை வடித்து, துடைத்து, எண்ணெயிட்டு வைக்கும் வழக்கம் அந்நாடுகளில் இப்படித்தான் வேரூன்றியது.

பொறி எங்கே?

தொடக்ககால மோட்டார்களில் பொறியை உண்டாக்க மின்கலங்கள் தேவைப்பட்டன. ஈரத்திலும் ஆட்டத்திலும் அவை நிலைக்கவில்லை. ஆகவே சக்கரத்திலேயே காந்தத்தைப் பதித்துவைத்தனர். காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து செல்லும்போது மின்சாரம் தோன்றும் என்று 1831-இல் ஃபாரடே கண்ட உண்மைதான் இந்த மாக்னெட்டோவின் அடிப்படை. மின்கலத் தொல்லை தீர்ந்தது. புதிய தொல்லை பிறந்தது. மின்னோட்டத்தை உரிய நேரத்தில் துண்டிக்க இரண்டு சிறு உலோக முனைகள் தேவைப்பட்டன. மெக்கானிக்குகள் 'பாயிண்ட்' என்று சொல்வது இவற்றைத்தான். மோட்டார் ஓடும்வரை இவை ஓரளவு சுத்தமாக இருக்கும்; சும்மா கிடந்தால் கடற்காற்றின் ஈரத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத அப்படலமே பொறியைத் தடுக்கப் போதுமானது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து, பாயிண்ட் இல்லாத மின்னணுப் பொறியமைப்பு பரவலாயிற்று. பழைய மோட்டார்களில் மட்டும் இன்றும் இதைத் தேய்த்துத் துடைக்க வேண்டியிருக்கிறது.

எரிபொருளும் முதுமை அடையும்

1891-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஜோசப் டே உருவாக்கிய இரண்டடிப்பு எந்திரம்தான் சிறிய மோட்டார்களுக்கு வழிகாட்டியது. இதில் எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. பெட்ரோலுடன் கலந்து வரும் எண்ணெயே பேரிங்குகளையும் பிஸ்டனையும் காக்கிறது. எனவே மோட்டார் ஓடினால்தான் எண்ணெய் கிடைக்கும். நின்றால் எண்ணெய்ப் படலம் மெல்ல வடிந்து, உள்ளே ஈரம் படியும் இடங்களில் துரு ஏறும்.

பெட்ரோலும் அப்படியே நிலைத்திருக்கும் பொருளன்று. அதிலுள்ள சில ஹைட்ரோகார்பன்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பசை போன்ற பொருளாக மாறுகின்றன. கார்புரேட்டரின் கிண்ணத்தில் எஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் போக, இந்தப் பசை மட்டும் தங்கி, ஊசிமுனை போன்ற ஜெட் துளைகளை அடைத்துக்கொள்ளும். இக்காலத்தில் எத்தனாலும் சேர்ந்துள்ளது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நீர் மிகுந்துவிட்டால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். குழாய் எடுப்பதோ அடியிலிருந்து!

கேரளக் கடற்கரையில் 1980-களில் வேகமாகப் பரவிய மோட்டார்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. இவற்றைப் பெட்ரோலில் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மீண்டும் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டவேண்டும். இல்லையேல் எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் உள்ளே தங்கி, மறுமுறை கிளம்ப விடாது.

நீரும் உப்பும்

எவின்ரூட்டின் முதல் மோட்டாரில் இரும்பும் பித்தளையும் மிகுதி. 1921-இல் அவர் அலுமினியத்தைப் பெரிதும் பயன்படுத்தி, மூன்று குதிரைத்திறனும் சுமார் 22 கிலோகிராம் எடையும் கொண்ட எல்ட்டோ மோட்டாரை வெளியிட்டார். திறன் இருமடங்கு, எடையோ குறைவு! ஆனால் உப்புநீரில் அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலமே அமைந்து அலுமினியம் அரிக்கப்படும். இதற்கான மருந்தை 1824-இலேயே ஹம்ப்ரி டேவி கண்டிருந்தார். கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தை இணைத்தால் துத்தநாகம் தான் கரைந்து செப்பைக் காக்கும் என்று அவர் காட்டினார். இன்றைய மோட்டார்களின் அடியில் உள்ள துத்தநாகக் கட்டி அதன் வாரிசே.

எந்திரத்தைக் குளிர்விக்க நீரேற்றுவது ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம். இதழ்கள் எப்போதும் வளைந்தே இருக்கும். பல மாதம் ஒரே நிலையில் நின்றால் அவ்வளைவு நிலைத்துவிடும், ரப்பரும் விறைக்கும். மோட்டார் கிளம்பும், நீர் ஏறாது. சிறிது நேரத்தில் கொதித்து நின்றுவிடும். நடுக்கடலில் நிற்கும் மோட்டார்கள் சிலவற்றின் கதை இதுதான்.

ஒதுக்கப்பட்ட 300 மோட்டார்கள்

1939-இல் கார்ல் கீக்காஃபர் என்ற பொறியியலாளர் விஸ்கான்சினின் சீடர்பர்க் ஊரில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். அவர் செய்ய நினைத்தது காந்தப் பிரிப்பான்கள். ஆனால் அங்கே சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்கள் கிடந்தன. சரியாக ஓடவில்லை என்று மாண்ட்கோமெரி வார்டு என்ற விற்பனை நிறுவனம் ஒதுக்கித் தள்ளியவை அவை. பணமுடையில் இருந்த கீக்காஃபர் அவற்றைப் பிரித்துக் குறைகளைக் கண்டறிந்து திருத்தினார். நிராகரித்த நிறுவனமே அவற்றை ஏற்றுக்கொண்டு மேலும் மோட்டார்கள் கேட்டது. மெர்க்குரி மோட்டார்கள் தோன்றியது இப்படித்தான்.

எழுப்பும் முறை

உறங்கிய மோட்டாரை எழுப்பும்போது முதலில் கயிற்றை இழுப்பது தவறு. துருவேறிய பிஸ்டன் உருளையைக் கீறிவிடக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உருளையில் சிறிது எண்ணெய் விட்டு, சில மணி நேரம் கழித்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். பழைய எரிபொருளை அறவே வடித்து அப்புறப்படுத்தியபின், பிளக்கின் உலோக உடலை எந்திரத்தோடு தொடவைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கவேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இச்சோதனை ஆபத்து. அடுத்து கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, புதிய எரிபொருளை உரிய எண்ணெயோடு ஊற்றவேண்டும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். ரப்பர் சக்கரத்தை மாற்றியபின், தண்ணீர் நிறைந்த பீப்பாயில் அடிப்பகுதியை முக்கி ஓட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் பீய்ச்சி வந்தால் நல்லது. வராவிட்டால் உடனே நிறுத்திவிடவேண்டும்.

எவின்ரூட் என்ற பெயரில் மோட்டார் உற்பத்தி 2020-இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவி, எரிபொருளை வடித்து, எண்ணெயிட்டு வைக்கப்பட்ட பழைய எவின்ரூட்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கரையில் செலவிடும் அந்த அரைமணி நேரம்தான் கடலில் இருப்பவரைத் திரும்பக் கரை சேர்க்கிறது.