தறிச் சத்தமும் அக்காவின் காதும்

மலர்க் குழு நண்பர்கள் வந்து, "சார், கல்லூரி நாட்களைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார்கள். ஹாஸ்டல் உப்புமாவையும், பஸ் பாஸ் எடுக்க நின்ற வரிசையையும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் எங்கள் செட்டிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். நான் விலங்கியல் படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி, அதாவது காதைப் பற்றி, எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். நம்ம பக்கத்து ஆளுக்குக் காது சாதாரண விஷயம் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் 1920-களில் தலையெடுத்தன. 1956-ல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம், 1970-களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஆர்டர், 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம், 2009-ல் தனி மாவட்டம் என்று ஊர் வளர்ந்த கதையை இந்த மலரிலேயே வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அந்த வளர்ச்சிக்கு ஒரு சத்தம் உண்டு. நகருக்குள் நிட்டிங் மெஷினின் இரைச்சல். பல்லடம், மங்கலம், சோமனூர் பக்கம் போனால் விசைத்தறி. இரண்டில் தறிதான் கொடுமை. நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபடும் ஒவ்வொரு அடியும் காதுக்குள் விழும். பதினாறு தறி ஓடும் ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவனிடம் பேச முடியாது. கை ஜாடைதான். பாவு அறுந்தால் ஒரு ஜாடை, தார் தீர்ந்தால் ஒரு ஜாடை, டீ வந்துவிட்டது என்றால் ஒரு ஜாடை. இங்கிலாந்தில் லங்காஷயர் தறிக்காரப் பெண்களும் இதேபோல உதடசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

சத்தத்தில் வேலை செய்தால் காது போகும் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1700-ல் இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாகி, வயதானால் முழுச் செவிடாவதை அவர் குறித்து வைத்திருக்கிறார். 1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது வைத்தியர் கொதிகலன் செய்யும் தொழிலாளிகள் நூறு பேரைச் சோதித்தார். நூறில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. அவர் கையில் இருந்த கருவி ஒரு கடிகாரம். அதன் 'டிக் டிக்' எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதுதான் பரிசோதனை. அதே ஊரில் தபால்காரர்கள் நூறு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார் மனுஷன். இன்றைக்குக் கோடி ரூபாய் மெஷின் வைத்துக்கொண்டும் இந்த ஒப்பீட்டை மறந்துவிடுகிற ஆராய்ச்சிகள் உண்டு.

நம் நாட்டில் 1948-லேயே தொழிற்சாலைச் சட்டமும் வந்தது, ஈ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் என்று விதி இருக்கிறது. (90-க்கும் 93-க்கும் மூணுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு.) ஆனால் சத்தத்தால் காது போனதற்காக இந்தியாவில் ஒரு தொழிலாளிக்கு முதன்முதலில் இழப்பீடு கிடைத்தது 1996-ல். நாற்பத்தெட்டு வருஷம்! நம்ம தறிக்காரர்களோ கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

இதனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாருக்குக் காது கேட்கவில்லை என்றாலும், "தறிச் சத்தமுங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்த கதை இங்கேதான் ஆரம்பம்.

1986. அக்காவுக்கு அப்போது 24 வயது. அப்பாவின் ஷெட்டில் எட்டுத் தறி. அக்கா தார் சுற்றுவாள், சமயத்தில் தறியும் ஓட்டுவாள். ஒரு நாள் கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. 'கண்ணு வலி' என்று ஏதோ சொட்டு மருந்து விட்டார்கள். பத்து நாள் கழித்து எழுந்து நின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வீடே சுற்றுகிறது என்றாள், வாந்தி. அதே வாரம் இடது காதில் கொய்ங் என்று ஒரு சத்தம், பிறகு மந்தம். இரண்டு மாதத்தில் வலது காதிலும் ஆரம்பித்தது. காட்டிய வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல தறி ஓடுதா?" ஆமாம் என்றோம். அவ்வளவுதான், வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஷெட்டுப் பக்கம் போக வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதமே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

விலங்கியல் பட்டம் வாங்கிய எனக்கே அன்றைக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். தறிச் சத்தம் காதை மெல்ல மெல்லத் தின்னும். வருஷக் கணக்காகும். முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள கீச்சுச் சத்தம் போகும், பெரும்பாலும் இரண்டு காதிலும் ஒன்றுபோல. சில வாரங்களில் ஒரு காது போய், பிறகு மறு காது போவதும், இன்றைக்குக் கொஞ்சம் கேட்டு நாளைக்குக் கேட்காமல் போவதும், கூடவே தலைசுற்றலும் கண் சிவப்பும் சேர்வதும் தறியின் வேலையே இல்லை.

கடைசியில் கண்ணுக்காகத்தான் சென்னைக்குக் கூட்டிப் போனோம். அங்கே கண் பார்த்த ஒரு வயதான டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி, "காது எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அக்காவுக்குக் கேள்வி கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கண்ணைப் பார்த்தவர் காதைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் ஒரு பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாற்பது வருஷமாக நான் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். பெயர், கோகன்.

டேவிட் கோகன் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கண் டாக்டர். 1945-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கருவிழியில் அழற்சி, கூடவே காது மந்தமும் தலைசுற்றலும் என்று சில நோயாளிகள். அக்காலத்தில் கருவிழி அழற்சியும் செவிடும் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் உடனே பிறவி மேகநோய் என்று எழுதிவிடுவார்களாம். கோகன் செய்தது, இவர்களுக்கு மேகநோய் இல்லை என்று காட்டியதுதான். கட்டுரையின் தலைப்பிலேயே 'மேகநோய் அல்லாத' என்ற சொல்லைப் போட்டார். பாஸ்டனில் மேகநோய், எங்கள் ஊரில் தறிச் சத்தம். எளிதான காரணம் ஒன்று கையில் இருந்தால் வேறு காரணத்தைத் தேட யாருக்கும் மனசு வருவதில்லை போலும்.

அப்படியானால் என்னதான் காரணம்? கோகனுக்கும் தெரியாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் என்று சொன்னால் அன்றைக்கு யாரும் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மேதை 1901 வாக்கிலேயே, உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ள அஞ்சும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனுஷர் சொன்னது. அரை நூற்றாண்டு அப்படியே நின்றது. 1956-ல் ரோஸ், விட்டெப்ஸ்கி என்ற இருவர் முயல்களை வைத்து, தைராய்டு சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிட முடியும் என்று காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. இரண்டே வருஷத்தில், 1958-ல், ஜெர்மானியக் காது டாக்டர் லேன்ஹார்ட், இரண்டு காதும் அடுத்தடுத்துப் போகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறதோ என்று ஒரு சந்தேகத்தை எழுப்பினார். சந்தேகம் சந்தேகமாகவே இருபது வருஷம் கிடந்தது.

1979-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் பிரயன் மக்கேப் 18 நோயாளிகளைத் திரட்டி எழுதினார். வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் இரண்டு காதும் மங்கியவர்கள். அவர்களுக்கு ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தும் கொடுத்தபோது கேள்திறன் திரும்பியது. அதுவரை நரம்புச் செவிடு என்றால் கையை விரிப்பதுதான் வழக்கம். அது மருந்துக்குத் திரும்பும் என்று சொன்னது பெரிய சங்கதி. ஸ்டீராய்டே புது மருந்துதான். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு மூட்டுவாத நோயாளிக்கு முதலில் கொடுத்துப் பார்த்து, 1950-லேயே அதற்கு நோபல் பரிசு.

அக்காவுக்கு 1986-ல் சென்னையில் கொடுத்ததும் அதே ஸ்டீராய்டு மாத்திரைதான். இடது காது திரும்பவில்லை, காலம் கடந்துவிட்டது. வலது காதில் பாதிக்கு மேல் திரும்பியது. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, அவளை அடையாளமே தெரியவில்லை. ஆனாலும் ஒரு சாயங்காலம், "டேய் தம்பி, மழ பேயுதா?" என்று கேட்டாள். பேய்ந்துகொண்டுதான் இருந்தது.

இந்த ஆராய்ச்சி ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். ஈரலில் நோய் என்றால் ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம். உட்காதில் முடியாது. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள், பட்டாணி அளவு நத்தைக் கூட்டில், காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். போனால் முளைக்காது. ஆராய்ச்சிக்காகத் துண்டெடுத்தால் மிச்சக் காதும் போய்விடும். ஆகவே இரத்தத்தில் ஏதாவது தடயம் கிடைக்குமா என்று தேடினார்கள். 1990-ல் ஹாரிஸ், ஷார்ப் என்ற இருவர், இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் உட்காதின் ஒரு புரதத்துக்கு எதிரான பொருள் இருப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் இது அந்த நோய்தான் என்று அடித்துச் சொல்லும் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை இன்றுவரை வரவில்லை. ஸ்டீராய்டு கொடுத்துக் காது திரும்பினால், அப்போது 'அதுதான்' என்று சொல்கிறார்கள். விடையை வைத்துக் கேள்வியைக் கண்டுபிடிக்கிற கணக்கு இது.

ஸ்டீராய்டை எத்தனை நாள் தின்ன முடியும்? அதற்கு மாற்றாக, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்தன. சேர்ந்தவர்கள் 116 பேர், ஸ்டீராய்டுக்குக் காது திரும்பியவர்கள் 67 பேர். அந்த 67 பேரில் பாதிப் பேருக்கு அசல் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2003-ல் முடிவு வந்தது: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் பிற்பாடு யோசித்தால், பலன் இல்லாத மருந்தை ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக் கணக்கில் விழுங்காமல் தடுத்த ஆராய்ச்சியும் ஆராய்ச்சிதான். தோற்ற சோதனையை மறைக்காமல் அச்சிட்டார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

வெளிக்காதையும் விட்டுவிடக் கூடாது. 1923-ல் பிராக் நகரத்து யாக்ஷ் வார்ட்டன்ஹார்ஸ்ட் என்ற டாக்டர் ஒரு மதுவடிப்பாலைத் தொழிலாளியின் காதுமடலும் மூக்கும் வீங்கிச் சரிவதை விவரித்தார். குருத்தெலும்பைத் தாக்கும் இந்த நோய்க்கு 1960-ல்தான் இன்றைய பெயர் வந்தது. இதில் ஒரு வேடிக்கை: மடல் முழுக்கச் சிவந்து வீங்கும், ஆனால் நாம் தோடு போடும் இடம் மட்டும் சும்மா இருக்கும். அங்கே குருத்தெலும்பு இல்லை. சீழ்பிடித்த வீக்கமானால் அது தோட்டுக்கு மரியாதை காட்டாது. விலங்கியல் ஆய்வகத்தில் நாம் கற்ற உடற்கூறு ஒரு நோயைப் பிரித்துக் காட்டுகிறது பாருங்கள். 2020-ல், இந்த நோய் என்று சீட்டு எழுதப்பட்ட வயதான ஆண்கள் சிலருக்கு உண்மையில் ஒரே ஒரு மரபணுவில் நடுவயதில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்று அமெரிக்காவில் கண்டார்கள். மறுபடியும் அதே கதை, முதல் சீட்டைக் கிழித்துப் போட ஒருவர் வேண்டும்.

நம் மாநிலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. சென்னை மருத்துவக் கல்லூரியில் வாத நோய்களைத் தனித் துறையாக வளர்த்த டாக்டர் ஏ.என். சந்திரசேகரன் இந்தியாவுக்கே முன்னோடிகளில் ஒருவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பெரிய இரத்தக் குழாய்களைத் தாக்கும் டகயாசு நோயில் நெடுங்காலம் உழைத்துவருகிறது. கோகன் நோயாளிகளில் சிலருக்கும் மகாதமனி கெடும் என்பதால் அக்காவுக்கு வருஷா வருஷம் இரண்டு கையிலும் நாடி பார்ப்பது வழக்கமாயிற்று. சென்னையில் டாக்டர் மோகன் காமேஸ்வரனின் காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிலையம், செவிக்குள் மின்முனை பொருத்தும் காக்ளியர் சிகிச்சையைப் பரவலாக்கியது. நம் திருப்பூரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் தறிக்காரர்களுக்கு ஒரு வரிசை, தறிப் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு வரிசை என்று கிளாஸ்கோ தாமஸ் பார் மாதிரி உட்கார்ந்து பார்த்தால், எத்தனை பேர் சத்தத்தால் போனவர்கள், எத்தனை பேர் சத்தத்தின் பெயரால் போனவர்கள் என்று தெரிந்துவிடும்.

அக்காவின் வலது காதும் 2003 வாக்கில் கைவிட்டது. அடுத்த வருஷம் பூமி கொஞ்சத்தை விற்றுக் காக்ளியர் கருவி பொருத்தினோம். கோகன் நோயாளிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது என்று படித்திருந்ததால் துணிந்தேன். முதல் வாரம், "எல்லாரும் ரேடியோவுக்குள்ள உக்காந்து பேசற மாதர இருக்குது" என்றாள். மூன்று மாதத்தில் போனில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

போன பொங்கலுக்கு அண்ணன் மகனின் ஷெட்டுக்குப் போயிருந்தோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அக்கா சாவகாசமாகக் காதுக்குப் பின்னால் கை வைத்துக் கருவியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, பையன்களிடம் பழைய ஜாடையில் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு வேண்டாம்னா கழட்டி வெச்சுக்குவேன் கண்ணு. உனக்கு அந்த வசதி இல்லையே."