தாய்மாமன் இல்லாத காடு: குரங்கினக் குடும்பமும் நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழியும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கி, ஆறாவதான மன அறிவை மக்களுக்கு உரியதாக்குகிறது. அந்த இடத்தில் உரைகாரர் பேராசிரியர் சற்றுத் தயங்குகிறார். குரங்கு முதலான விலங்குகளில் மனவுணர்ச்சி உடையவை இருக்குமானால் அவையும் ஆறறிவு உயிருக்குள் அடங்கும் என்பது அவர் கருத்து. மனிதனையும் குரங்கையும் பிரிக்கும் கோட்டை அறிவின்மீது கிழித்தால் அது நிலைக்காது என்ற ஐயம் அவருக்கு இருந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அந்தக் கோட்டை உறவுமுறையில் தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்றுகள் நாஞ்சில்நாட்டிலேயே கிடைக்கின்றன.

முதலில் ஒரு தெளிவு தேவை. நாஞ்சில்நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் நாட்டுக்குரங்கு உண்டு, கருங்குரங்கு உண்டு, தேவாங்கும் உண்டு. வாலில்லாக் குரங்கு எதுவும் இல்லை. இந்தியாவில் இன்று காட்டில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கினம் வடகிழக்கின் ஹூலக் கிப்பன்தான். நம்மூரில் ‘குரங்கிலிருந்து மனிதன்’ என்று மேடையில் பேசுகிறவர் கண்முன் இருப்பது பெரும்பாலும் சுசீந்திரத்துத் தெருவில் வாழைப்பழத்தைப் பறிக்கும் நாட்டுக்குரங்கு. அதன் மூதாதையரும் நம் மூதாதையரும் ஏறத்தாழ 2.5 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டனர். சிம்பன்சியும் நாமும் பிரிந்தது 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். 2005இல் சிம்பன்சி மரபணுத்தொகுதி வெளியானபோது, ஒப்பிடத்தக்க பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு 1.2 விழுக்காடு அளவே என்று தெரிந்தது. ஆகவே மனிதத் தனித்தன்மை ஒன்றைச் சொல்ல வருபவர் அதை நாட்டுக்குரங்கோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தக் கூடாது. சிம்பன்சியோடும் ஒப்பிட்டாக வேண்டும்.

அறிவு என்ற வேலி எப்படிச் சரிந்தது என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சிம்பன்சி புல்தண்டால் கறையான் எடுப்பதை ஜேன் குடால் 1960இல் கோம்பேயில் கண்டார். கண்ணாடியில் தெரிவது தானே என்று சிம்பன்சி அறியும் என்பதை கார்டன் கேலப் 1970இல் காட்டினார். நாட்டுக்குரங்கும் சளைத்ததல்ல. பந்திப்பூரில் மனிதரிடம் உணவு கேட்டுக் கைநீட்டும் குரங்குகளை அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா, அனிந்திய சின்கா ஆகியோர் ஆராய்ந்து, அது நோக்கத்தோடு செய்யும் சைகை என்று 2018இல் எழுதினார்கள். பேராசிரியர் போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது என்றே சொல்லலாம்.

இனி உறவுக்கு வருவோம். நாட்டுக்குரங்குக் கூட்டத்தின் முதுகெலும்பு பெண்கள். தாய், மகள், பேத்தி என்று பிறந்த கூட்டத்திலேயே இருப்பார்கள். வளர்ந்த ஆண்கள்தாம் வேறு கூட்டம் தேடிப் போவார்கள். சிம்பன்சியிடம் இது தலைகீழ். அங்கே ஆண்கள் பிறந்த இடத்தில் தங்கி அண்ணன் தம்பியாகக் கூட்டுச் சேருவார்கள். பருவம் எய்திய பெண் பெரும்பாலும் அயல் கூட்டத்துக்குப் போய்விடுவாள். இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: பிரிந்து போனவர் போனவர்தான். அயல் கூட்டத்தில் தங்கைக்குப் பிறந்த குட்டி, அண்ணன் சிம்பன்சிக்கு அந்நியக் குட்டி. தந்தை யார் என்பதும் அங்கே யாருக்கும் நிச்சயமில்லை.

நம் வீட்டுக் காதுகுத்தைப் பாருங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்பவர் தாய்மாமன். தட்டான் ஊசியை எடுக்கும்போது வீறிடும் பிள்ளையை இறுக்கிப் பிடிப்பதும், கடுக்கனுக்குக் காசு கொடுப்பதும், பிறகு வாழ்நாள் முழுவதும் சீர் செய்வதும் அவர் கடமை. அவர் வேறு ஊர், வேறு வீடு. ஆனாலும் கட்டிக்கொடுத்த தங்கை அவருக்குத் தங்கைதான். குரங்கின ஆய்வாளர் பெர்னார்ட் ஷப்பே 2008இல் வெளியிட்ட நூலில், பிரிந்துபோன பின்னும் உடன்பிறப்பு அறுபடாமல் இருப்பதே மனித சமூகத்தின் திருப்புமுனை என்று வாதிடுகிறார். கூட்டத்தோடு கூட்டம் சண்டையிடாமல் சம்பந்தம் பேசத் தொடங்கியது இதனால்தான் என்பது அவர் முடிவு. எனக்கு அது ஏற்புடையது. காட்டில் இல்லாதவர் தாய்மாமன்தான்.

இங்கே ஓர் இடறல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிள்ளை வளர்ப்பில் நாம் சிம்பன்சியைவிடக் கருங்குரங்கைப் போலிருக்கிறோம். செம்பழுப்பு நிறத்தில் பிறக்கும் கருங்குரங்குக் குட்டியைத் தாய் மற்றப் பெண்களிடம் கொடுப்பதை 1960களில் நீலகிரியில் பிராங்க் பாய்ரியர் பதிவு செய்தார். சிம்பன்சித் தாயோ முதல் சில மாதங்கள் குட்டியை எவர் கையிலும் தருவது அரிது. அபு மலையில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்த சாரா ஹெர்டி, பலர் கூடி வளர்ப்பதுதான் மனிதரை மனிதராக்கியது என்று 2009இல் எழுதினார். ஆக, ரத்த நெருக்கமும் நடத்தை நெருக்கமும் ஒன்றல்ல. ஆனால் கருங்குரங்குச் சித்தி குட்டியைத் தூக்குவாளே தவிர ஊட்ட மாட்டாள். பால் மறந்த பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் பலர் சோறு போடுவது நம்மிடம் மட்டும்தான்.

உறவுமுறை ரத்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. மாமன் மகளும் சித்தப்பா மகளும் மரபணுக் கணக்கில் ஒரே தூரம். இருவரோடும் நமக்கு எட்டில் ஒரு பங்கு பொது. நாம் ஒருத்தியை முறைப்பெண் என்கிறோம், மற்றவளைத் தங்கை என்கிறோம். எந்தக் குரங்கும் இப்படிப் பிரித்ததாகச் சான்று இல்லை. இது கண்ணாலோ மூக்காலோ அறியும் வேறுபாடு அல்ல. ஊர் கூடி ஒப்புக்கொண்ட வேறுபாடு.

இதற்கு நாஞ்சில்நாடு தரும் சான்று மருமக்கள் வழி. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போனது. குடும்பத் தலைவரான தாய்மாமன், அதாவது காரணவர், கையில் குடும்பம் இருந்தது. அவருடைய சொந்த மக்களுக்கு ‘உகந்துடைமை’ என்று ஒரு பங்கு உண்டு. நாட்டுக்குரங்கிலும் தாய்வழி, இங்கும் தாய்வழி என்று யாராவது முடிச்சுப் போட்டால் அது அறியாமை, அவதூறும்கூட. குரங்கின் தாய்வழியில் மாமனுக்கு வேலையே இல்லை. மருமக்கள் வழியோ மாமனை நடுவில் வைத்துக் கட்டியது. இரண்டும் அமைப்பில் எதிரெதிர்.

அரச குடும்பத்திலும் இருந்த இந்த விதியின் பேரால் அரசே ஆட்டம் கண்டது. 1729இல் திருவிதாங்கூர் மன்னர் ராம வர்மா இறந்தபோது மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டமேறினார். மன்னரின் மகன்களான தம்பிமார் இருவரும் உரிமை கோரி எதிர்த்தார்கள், கொல்லப்பட்டார்கள். வலிய தம்பி, குஞ்சுத் தம்பி கதையாக அது வில்லுப்பாட்டில் நிற்கிறது. இதில் பாதி சிம்பன்சிக்கும் தெரிந்த கதை. ஆர்னெம் விலங்குக் காட்சிசாலையில் ஆண் சிம்பன்சிகள் கூட்டுச் சேர்ந்து தலைவனைக் கவிழ்த்ததை பிரான்ஸ் டி வால் 1982இல் நூலாகவே எழுதினார். தம்பிமாரும் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாட்டுப் பிரபுக்களும் சேர்ந்ததை அந்தக் கண்ணோடு வாசித்தால் ஒன்றும் புதிதில்லை. மீதிப் பாதிதான் மனிதருக்கு மட்டும் உரியது. மகனுக்கா மருமகனுக்கா என்ற கேள்வியை எந்தச் சிம்பன்சியும் எழுப்பியதில்லை. பலம் இருந்தும் ‘உரிமை’ என்று ஒன்றைச் சொல்லித்தான் இருதரப்பும் வாளெடுக்க வேண்டியிருந்தது.

விதி என்பதால் மருமக்கள் வழி கேலிக்கும் உள்ளானது. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாய்மொழியாக மருமக்கள் வழி மான்மியத்தைப் பாடினார். 1926இல் திருவிதாங்கூரின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. சொத்து மக்கள் வழிக்குத் திரும்பியது. பல நூற்றாண்டுப் பழக்கம் பாட்டாலும் மனுவாலும் சட்டமன்றத்தாலும் ஒரு தலைமுறைக்குள் மாறிற்று.

குரங்கும் மாறும் என்று எதிர்வாதம் வரும், நியாயமானதுதான். பந்திப்பூர்–முதுமலைச் சாலையோரங்களில் சுற்றுலாக்காரர் போடும் தீனியைச் சார்ந்து, ஒரே ஆண் உள்ள சிறு நாட்டுக்குரங்குக் கூட்டங்கள் உருவாயின. அங்கே பெண்களும் கூட்டம் மாறுவதை சின்கா குழுவினர் 2005இல் எழுதினார்கள். தீனி மாறியதால் குடும்ப அமைப்பு மாறியது. நெல்வயலும் குளமும் காரணவர் ஆட்சிக்கு ஆதாரமாக இருந்ததை நினைத்தால், பொருளாதாரம் நம்மையும் அப்படித்தான் தள்ளியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பழைய முறை அநீதி என்று சாலையோரக் குரங்கு எதுவும் முறையிடவில்லை, புதிய முறையை எதிர்த்து வழக்காடவும் இல்லை. இங்கே இரண்டும் நடந்தன, அவை பத்திரங்களில் இருக்கின்றன.

அந்தப் பத்திரங்கள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைக் கவிமணி கண்டெடுத்ததும், அ.கா. பெருமாள் பதிப்பித்ததும் போல, குடும்பங்களின் பெட்டியில் கிடக்கும் பாகப்பிரிவினை ஓலைகளையும் 1926க்கு முன்பின்னான ஆவணங்களையும் திரட்ட வேண்டும். அவற்றைத் தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நாகர்கோவில் கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓலை வைத்திருக்கும் வீட்டார் அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை அவர்களிடம் காட்டுங்கள்.